கூப்பிடு தூரம்

போட்ஸ்ஃபியோர்டிலிருந்து பெர்லெவோக்குக்கு
நேர்க்கோட்டில் முப்பத்தொன்பது கிலோமீட்டர்.
விமானத்தில் முப்பத்தொன்பது இருக்கைகள்.
ஆளுக்கொரு கிலோமீட்டர் என்று
பங்கு போட்டுக்கொள்ளலாம், ஆள் இருந்தால்.

பெரும்பாலும் நான்கு பேர்தான்.
பல் மருத்துவர்,
நண்டு ஆலையின் குளிர்ப்பெட்டியைப் பழுது பார்ப்பவன்,
பரிசோதனைக்குப் போகும் கர்ப்பிணி,
அப்புறம் யாராவது.

அவர்களுக்குச் சீட்டுக் கொடுப்பவள் நான்.
பெட்டியை எடை போடுபவளும் நான்.
பிறகு மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு
அதே பெட்டியைப் பனியில் தள்ளிப்போய் ஏற்றுபவளும்.
ஜன்னல் வழியே பார்க்கும் பயணிகள்
இவளை எங்கோ பார்த்திருக்கிறோமே என்பதுபோல்
விழிப்பார்கள்.

வெள்ளி தவறாமல் மூன்று மணிக்குத் தொலைபேசி அடிக்கும்.
"பெர்லெவோக்குக்கு எவ்வளவு நேரம்?"
பெயர் சொல்லமாட்டார்.
இரண்டாயிரம் பேர் உள்ள ஊரில்
இருமினாலே போதும், ஹார்ட்விக் என்று தெரிந்துவிடும்.
"பதினைந்து நிமிடம்."
"எதிர்க்காற்று அடித்தால்?"
"பதினெட்டு."
"பின்னாலிருந்து தள்ளினால்?"
"பன்னிரண்டு. காபி ஊற்ற நேரமிருக்காது."
"ம்" என்று வைத்துவிடுவார்.
சீட்டு வாங்கியதே இல்லை.

அவர் கேட்காததையும் சொல்லிவைக்கிறேன்.
சாலையில் போனால் தொண்ணூறுக்கு மேல்.
குளிர்காலத்தில் மலை அடிவாரத்தில் நின்று
பனி வாரும் வண்டி வரும்வரை காத்திருந்து
அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே ஊர வேண்டும்.
கப்பலென்றால் ஒரு சின்னத் தூக்கம்.
பேச்சு வழியாகப் போனால் பதினோரு வருடம்.
அங்கே எட்வின் இருக்கிறார். கூடப் பிறந்தவர்.
இருவருக்கும் பொதுவான படகை
ஒருவர் கேட்காமல் விற்றார்.
எவர் விற்றார் என்பதற்கு
இரண்டு ஊரிலும் இரண்டு பதில் உண்டு.

சூரியன் விடுப்பிலிருந்து இன்னும் திரும்பாத ஜனவரியில்
ஒரு வெள்ளி, மதியம் ஒன்றேகாலுக்கே
ஹார்ட்விக் நேரில் வந்து நின்றார்.
ஒருவழிச் சீட்டு.
சாக்குத்துணியில் சுற்றிய ஒரு பொருள்:
இரண்டு கிலோ எண்ணூறு.
திரையில் ஒரு பலகையும் நான்கு திருகாணிகளும் தெரிந்தன.
"என்ன இது?"
"படகோட பேரு."
அதற்கு மேல் கேட்க விதிப்புத்தகத்தில் இடமில்லை.

பயணியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது
என்பதும் அதே புத்தகத்தில்தான்.
சொல்லவில்லை.
பெர்லெவோக்கில் ஒரு வீட்டுக்குத் தொலைபேசி போட்டு
பலகை ஒன்று வருகிறது என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு பத்துக்குப் புறப்பாடு. குறித்தேன்.
இரண்டு இருபத்தைந்துக்குக் குறிக்க வேண்டிய வரி
காலியாகவே இருந்தது.
அந்த முனையிலிருந்து ஸிக்னெ பேசினாள்:
"பக்கக் காற்று. ஒரு சுற்று போய்ப் பார்த்தார்கள்.
இன்னொன்றும் போய்விட்டார்கள். திரும்பி வருகிறது."
பிறகு, வேறு குரலில்:
"இங்கே வேலியோரம் ஒரு ஆள்.
யாருக்காக நிற்கிறீர்கள் என்றேன்.
யாருக்காகவும் இல்லையாம்.
வண்டி விளக்கை மட்டும் அணைத்து அணைத்துப் போடுகிறார்."

இரண்டு ஐம்பத்தாறுக்கு
ஏறின இடத்திலேயே இறங்கினார் ஹார்ட்விக்.
காதோரத்தில் வியர்வை.
நான் பணத்தைத் திருப்பும் படிவத்தைத் தேடினேன்.
அவர் அதைப் பார்க்கவில்லை.

"ரெண்டு தடவை அணைச்சான். அப்புறம் நீளமா ஒண்ணு" என்றார்.
"கடல்ல அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?"
தெரியாது.
"வலை கனக்குது. கிட்ட வா."

சுவரில் மூன்று மணி ஆனது.
தொலைபேசி அடிக்கவில்லை.
பலகை எடைத்தட்டின் மேலேயே கிடந்தது,
முள் அதே இரண்டு எண்ணூறில்.
எவ்வளவு நேரம் என்று
எத்தனையோ வெள்ளிகள் கேட்ட மனிதர்
முதல்முறையாக,
"அடுத்தது எப்போ?" என்றார்.

காலை ஏழு நாற்பது என்றேன்.
காற்றைப் பற்றி
அவரும் கேட்கவில்லை,
நானும் வாய் திறக்கவில்லை.